இணையத்தின் விதிகள் எழுதப்படும் இடத்தில் தமிழுக்காகப் பேச: எந்தக் கதவை, எப்படித் தட்டுவது

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் 1998 முதல் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, இசைகுடிமானம் (எங்கள் பக்கக் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்), மொய்ப்பண ஏடு, கோயில் வரிப் புத்தகம், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று தமிழ் எழுத்தோடுதான் அன்றாடப் பிழைப்பு. இணையத்தின் விதிகளை யார் எழுதுகிறார்கள் என்று தேடிப் போக எனக்கு ஒரு காரணம் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் அவர் கையில் செய்தது சிங்கப்பூர் வரை பார்சலில் போகிறது. பேரன் ஆசைப்பட்டான் என்பதால் அவர் தொழிலுக்கு இணையப் பெயரை முழுக்கத் தமிழில், புள்ளி இந்தியா என்று முடியும்படி வாங்கிக் கொடுத்தேன். அதிலேயே தமிழ் மின்னஞ்சல் முகவரியும் அமைத்தோம். என் ஜிமெயிலுக்கு அதிலிருந்து கடிதம் வந்தது, என் பதிலும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஓர் உரிமம் புதுப்பிக்க இணையப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மின்னஞ்சல் கட்டத்தில் முகவரியை இட்டதும் சிவப்பு எழுத்தில் ‘சரியான முகவரியைத் தரவும்’ என்று வந்தது. மூன்று முறை இட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆச்சி கேட்டார்: “ஏன் தம்பி, எம் பேரு சரியில்லைங்குதா?”

அன்றைக்கு ஆங்கில முகவரி ஒன்றை இட்டு வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. தப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் சொன்னால் மாறும் என்று தேடத் தொடங்கினேன். இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு கடையில், பள்ளியில், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே யாரும் செய்யக்கூடிய வேலை இது.

யார் வீட்டுக் கதவு

இணையத்துக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. எல்லாப் புகாரையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு வர முடியாது. நம் ஊர் வீடுகளில் முகப்புக்கு ஒரு வேலை, வளவுக்கு ஒரு வேலை, இரண்டாம் கட்டுக்கு ஒரு வேலை இருப்பதுபோல ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பகுதி உண்டு. தவறான பகுதியில் நின்று கூப்பிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கணினிக்குள் ஓர் எழுத்துக்கு என்ன எண் என்று முடிவு செய்வது யூனிகோட் கூட்டமைப்பு. அந்த எண்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எந்த முறையில் போக வேண்டும் என்பது ஐஇடிஎஃப் என்ற இணையப் பொறியியல் பணிக்குழுவின் பொறுப்பு. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் 21 பேர் கூடித் தொடங்கியது அது. வலைப்பக்கத்தில் எழுத்து எப்படி நிற்க வேண்டும், வரி எங்கே உடைய வேண்டும் என்பதை 1994-இல் டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய டபிள்யூ3சி பார்க்கிறது. ஆனால் பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லை எழுதுவது வாட்விஜி என்ற வேறு குழு. 2019-இல் இரண்டு பேரும் பேசி, இனி ஒரே எச்டிஎம்எல்தான் என்று உடன்பட்டுவிட்டார்கள். இணையப் பெயர்களின் உச்ச அடுக்கை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை, 1998-இல் உருவான ஐகான் நிர்வகிக்கிறது. புள்ளி இந்தியாவுக்குக் கீழே பெயர் கொடுப்பது நம் நாட்டின் நிக்ஸி.

இப்போது ஆச்சியின் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அட் குறிக்கு வலப்பக்கம் உள்ள பெயர்ப் பகுதியில் தமிழ் வரலாம் என்பது 2003-இலேயே விதியாகிவிட்டது. 2010-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். உள்ளே நடப்பது இதுதான்: தமிழ்ப் பெயரை உலாவி ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சரம் எப்போதும் எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தோடும் இரண்டு சிறு கோட்டோடும் தொடங்கும். அதற்கு ப்யூனிகோட் என்று பெயர். மின்னஞ்சலில் அட் குறிக்கு இடப்பக்கமும் தமிழ் வரலாம் என்று ஐஇடிஎஃப் 2012-இல் 6530 முதல் 6533 வரையிலான ஆவணங்களில் எழுதிவிட்டது. 2014-இல் ஜிமெயில் அதை ஏற்கவும் தொடங்கியது. ஆக, ஐஇடிஎஃப் கதவைத் தட்டி ‘தமிழ் முகவரிக்கு விதி எழுதுங்கள்’ என்று நான் கேட்டிருந்தால், பத்து வருஷத்துக்கு முன் முடிந்த வேலையைக் கேட்டவனாக இருந்திருப்பேன்.

தப்பு வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, எச்டிஎம்எல்லில் மின்னஞ்சலுக்கென்று இருக்கும் கட்டம். நான் பார்த்தபோது, அட் குறிக்கு முன்னால் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே வரலாம் என்று அதன் இலக்கணம் சொன்னது. இரண்டு, படிவம் செய்து கொடுத்தவர்கள் தங்கள் பக்கத்தில் வைத்திருந்த சோதனை. அதுவும் அதே ஆங்கில எழுத்துகளைத்தான் தேடியது. எனவே ஒரு கடிதம் வாட்விஜிக்கு, இன்னொன்று அந்த அலுவலகத்துக்கு. இப்படிப்பட்ட சிக்கல்களுக்காகவே ஐகான் ஆதரவில் 2015-இல் ஒரு குழு தொடங்கினார்கள். எல்லா மொழிப் பெயர்களையும் எல்லா மென்பொருளும் ஏற்க வேண்டும் என்பதே அவர்கள் வேலை. யுனிவர்சல் அக்செப்டன்ஸ் என்று தேடினால் கிடைப்பார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தமிழ் முகவரி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அட் குறிக்கு வலப்பக்கம் உள்ள பெயரைப் படிவம் மறுத்தால் ப்யூனிகோட் வடிவத்தை இட்டுப் பார்க்கலாம், பல இடங்களில் ஏற்கும். இடப்பக்கத்துக்கு அப்படி மாற்று வடிவம் எதுவும் கிடையாது. அதனால் சேவை கொடுப்பவரிடம் அதே பெட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு துணை முகவரியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற வசதி அவர்கள் சர்வரில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் தமிழ் முகவரி அங்கே ஓடாது.

ஆவணத்தைப் படிக்கும் முறை

ஐஇடிஎஃப் விதிகள் எல்லாம் ஆர்எஃப்சி என்ற பெயரில் எண் போட்டு வருகின்றன. கருத்து கேட்டு விடுக்கும் வேண்டுகோள் என்பதுதான் அதன் விரிவு. 1969 ஏப்ரல் 7-இல் ஸ்டீவ் க்ராக்கர் என்ற மாணவர் முதல் ஆவணத்தை எழுதியபோது, பெரியவர்களின் அதிகாரத்தில் தலையிடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அப்படிப் பெயர் வைத்தார். இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டி எண் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மாறவில்லை.

திறந்தவுடன் உள்ளே போய்விடாதீர்கள், தலைப்பகுதியைப் படியுங்கள். அது எந்த வகை என்று அங்கே எழுதியிருக்கும். தர வரிசை, சிறந்த நடைமுறை, தகவலுக்கு மட்டும், சோதனை முயற்சி என்று பிரிவுகள் உண்டு. எண் இருப்பதாலேயே எல்லாம் தரம் ஆகிவிடாது. இதைச் சொல்வதற்கென்றே 1995-இல் 1796 என்று ஓர் ஆவணம் எழுத வேண்டி வந்தது. அடுத்து, இது எந்தப் பழைய ஆவணத்தை நீக்குகிறது, இதை எந்தப் புதிய ஆவணம் நீக்கியிருக்கிறது என்று பாருங்கள். வெளியான ஆர்எஃப்சி சொல்லும் விதியை மாற்ற மாட்டார்கள். திருத்தம் வேண்டுமானால் புது எண்ணில் புது ஆவணம்தான். சின்னப் பிழைகளுக்குத் தனியாகப் பிழைப் பட்டியல் இருக்கிறது. பலரும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் பதிலிலேயே அந்த வாதம் முடிந்துபோகும்.

இன்னொன்று, சொற்களின் எடை. 1997-இல் வந்த 2119-ஆம் ஆவணம் சில சொற்களுக்கு நிலையான பொருள் கொடுத்திருக்கிறது. கட்டாயம் செய்ய வேண்டும் என்பது ஒன்று. தகுந்த காரணம் இருந்தாலொழிய செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. விரும்பினால் செய்யலாம் என்பது மூன்றாவது. மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. இசைகுடிமானம் அடிக்கும்போது வாசகத்தில் ஒரு சொல்லை நானாக மாற்றினால் இரண்டு வீட்டாரும் விட மாட்டார்கள். எழுதிய சொல்லுக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முடிவு எடுக்கும் விதம்

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் உள்ளே போகிறவர்கள் மனம் வெறுத்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

ஐஇடிஎஃப்பில் உறுப்பினர் சீட்டு கிடையாது, வாக்கும் கிடையாது. 1992-இல் டேவிட் கிளார்க் என்ற இணையப் பொறியாளர் ஒரு கூட்டத்தில் சொன்னதைத்தான் இன்றும் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள்: அரசர், தலைவர், வாக்கெடுப்பு மூன்றும் வேண்டாம், ஏறக்குறைய ஒத்த கருத்தும் ஓடுகிற நிரலும் போதும். நேரில் கூடும்போது கை தூக்கச் சொல்வதற்குப் பதில் வாயை மூடி ‘ம்’ என்று முனகச் சொல்வார்கள். எந்தப் பக்கம் முனகல் பலமாக இருக்கிறது என்று தலைவர் காது கொடுப்பார். ஆனால் அதோடு முடிவதில்லை. பீட் ரெஸ்னிக் 2014-இல் எழுதிய 7282-ஆம் ஆவணத்தை அவசியம் படியுங்கள். ஒரு பக்கம் நூறு பேர், மறுபக்கம் ஐந்து பேர் இருந்தாலும் அந்த ஐவர் சொன்ன குறைக்குப் பதில் வராவிட்டால் ஒத்த கருத்து வரவில்லை என்றே பொருள். ஐந்து பேர் மட்டும் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும், எதிர்ப்பில் பதில் சொல்லப்படாத குறை எதுவும் இல்லையென்றால் முடிவு எடுக்கலாம்.

நம் ஊரில் பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓடு மாற்ற வேண்டும் என்று இருபது புள்ளிக்காரர்கள் (பங்குள்ள குடும்பத்தார்) சொல்வார்கள். ஒருவர் மட்டும், மழை நாளில் பிரித்தால் வளவுத் தூணில் தண்ணீர் இறங்கும் என்பார். இருபதுக்கு ஒன்று என்று எண்ணி யாரும் ஓட்டைப் பிரிப்பதில்லை. தண்ணீர் இறங்காமல் என்ன செய்யப் போகிறோம் என்று கொத்தனாரை அழைத்து வந்து அவர் முன்னால் காட்டிய பிறகுதான் வேலை தொடங்கும். அவர் அப்போதும் முகம் சுளிக்கலாம், அது வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்பதே கணக்கு.

அதனால் உங்கள் ஒரு குரல் போதும், அது பதில் தேவைப்படுகிற கேள்வியாக இருந்தால். ‘தமிழர் எட்டுக் கோடிப் பேர் இருக்கிறோம்’ என்று எழுதுவதில் அங்கே பயன் இல்லை. ‘இந்த விதியின் நான்காம் பகுதிப்படி செய்தால் தமிழில் இந்தச் சொல் இப்படி உடைகிறது, படம் இணைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக அவர்களால் முடியாது.

இந்த விதிகளைப் பின்பற்றாவிட்டால் தண்டனை உண்டா என்று என் கடைப் பையன் கேட்டான். இல்லை. பின்பற்றினால்தான் மற்றவரோடு பேச முடியும், அவ்வளவுதான். என் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் பெட்டியடியில், அதாவது வட்டிக் கடையில், அடுத்தாளாக இருந்தவர். மாதாமாதம் அங்கே கோயிலில் எல்லாக் கடைக்காரர்களும் கூடி நடப்பு வட்டி நிர்ணயிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதற்குச் சட்டம் எதுவும் பின்னால் நிற்கவில்லை. ஆனால் அந்த வட்டியை மதிக்காதவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள முடியாது. இணையத் தரம் நடைமுறைக்கு வருவதும் ஏறத்தாழ அப்படித்தான்.

மேற்பார்வைக் குழு என்ன செய்கிறது

ஐஇடிஎஃப்புக்குள் ஒவ்வொரு தலைப்புக்கும் சிறு பணிக்குழுக்கள் உண்டு. பணிக்குழு எழுதிய வரைவு அந்தத் துறையைக் கவனிக்கும் இயக்குநரிடம் போகும். பிறகு எல்லோர் கருத்தும் கேட்டு இறுதி அழைப்பு விடுப்பார்கள். பணிக்குழு ஆவணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம், தனி ஆள் எழுதியதற்கு நான்கு வாரம். துறை இயக்குநர்கள் சேர்ந்த ஐஇஎஸ்ஜி ஒப்புதல் கொடுத்தால் ஆர்எஃப்சி எண் கிடைக்கும். இது அன்றாட வேலை.

இதற்கு மேலே ஐஏபி என்ற இணையக் கட்டமைப்புக் குழு இருக்கிறது. 1979-இல், இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ட் சர்ஃப் அமைத்த சிறு ஆலோசனைக் குழுவிலிருந்து வளர்ந்தது. இன்றைய பெயர் 1992-இல் வந்தது. இப்போது 13 பேர், அதில் ஒருவர் ஐஇடிஎஃப் தலைவர். அவர்கள் தரம் எழுதுவதில்லை. முழுக் கட்டடத்தையும் தூரத்திலிருந்து பார்த்து, இந்தச் சுவரை எடுத்தால் அந்த உத்தரம் இறங்கும் என்று சொல்வது அவர்கள் வேலை. முறையீடுகளைக் கேட்பதும், மற்ற அமைப்புகளோடு தொடர்பு வைத்திருப்பதும் அவர்களே.

அவர்களுக்கு இன்றைக்கு இவ்வளவுதான் அதிகாரம் என்று ஆனதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1992 ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் ஐஏபி கூடியது. இணைய முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற கவலை. அடுத்த முகவரி முறைக்கு, ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் சிஎல்என்பி என்ற முறையை அடிப்படையாக வைக்கலாம் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கட்டி ஓட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் நடந்த ஐஇடிஎஃப் கூட்டம் கொதித்துப் போனது. ஐஏபி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு தரங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஐஇஎஸ்ஜிக்குப் போனது. தலைமை இடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க நியமனக் குழு ஒன்றும் வந்தது. ஐபிவி6 என்ற புது முகவரி முறை பின்னர் வேறு வழியில், எல்லோரும் பேசி, 1995-இல் ஆவணமானது. டேவிட் கிளார்க்கின் அந்த வாசகம் பிறந்ததும் இதே கூட்டத்தில்தான்.

அந்த நியமனக் குழுவை அமைக்கும் விதம் எனக்குப் பிடித்தது. தகுதியுள்ளவர்கள் தாமாக முன்வந்து பெயர் கொடுப்பார்கள். அவர்களில் பத்துப் பேரைக் குலுக்கலில் எடுப்பார்கள். குலுக்கலில் யாரும் கை வைக்க முடியாது. குறிப்பிட்ட நாளில் வரப்போகும் லாட்டரி முடிவு போன்ற பொது எண்களை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதை வைத்துக் கணக்கிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து நாமே அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கலாம். பாகம் பிரிக்கும்போது சீட்டு எழுதிப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வோமே, அதே நோக்கம்.

சரி, ஐஏபி ஒரு மொழியின் எழுத்தில் தலையிட்டதுண்டா? உண்டு. அதைச் சொல்ல என் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

மணமகள் பெயருக்கு முன் சௌபாக்கியவதி என்று போடாத பத்திரிகை நம் பக்கம் அபூர்வம். இந்தச் சொல்லை வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் அனுப்பும்போது பாதிப் பேர் ஔகாரக் குறியைப் போடுவதில்லை. ச, ஒற்றைக் கொம்பு, ள என்று மூன்றையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். யூனிகோடில் சௌ என்பது இரண்டு எண், செள என்பது மூன்று எண். பழைய பத்திரிகையைத் தேட சரியான எழுத்தில் தட்டினால் தவறாகத் தட்டிய கோப்பு வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் தொலைத்த மணி நேரங்கள் ஏராளம். கொ போன்ற எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டினாலும், சேர்த்துத் தட்டினாலும் இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி வைத்திருக்கிறது. சௌவிலும் அதன் வலப்பக்கக் குறிக்கென்று தனி எண் உண்டு, அதைப் போட்டால் விதி சேர்த்துவிடும். ள என்ற எழுத்தைப் போட்டால் சேர்க்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து.

பத்திரிகையில் இது தேடல் சிக்கல். இணையப் பெயரில் இது திருட்டுக்கு வாசல். பார்வைக்கு ஒன்றாகவும் எண்ணில் இரண்டாகவும் இருக்கும் பெயர்களில் ஒன்றை உரியவர் வாங்கினால், மற்றதை வேறொருவர் வாங்கி அதே முகப்போடு கடை விரிக்கலாம்.

இதே வகைச் சிக்கல்தான் 2014-இல் வந்த யூனிகோட் 7.0-இல், ஓர் அரபு எழுத்தில் எழுந்தது. மேலே ஹம்சா குறியோடு கூடிய ஓர் எழுத்தைத் தனி எண்ணில் சேர்த்தார்கள். அதையே அடிப்படை எழுத்தும் குறியுமாகப் பிரித்தும் எழுத முடியும். இரண்டையும் ஒன்றாக்கும் விதி இல்லை. 2015 தொடக்கத்தில் ஐஏபி ஓர் அறிக்கை வெளியிட்டது: இந்தச் சிக்கல் தீரும் வரை, இணையப் பெயர்களுக்குப் புதிய பதிப்பைப் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம். பெயர்களுக்கான எழுத்து அட்டவணை அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பழைய பதிப்பிலேயே நின்றது. மேற்பார்வை என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது இந்த அறிக்கையைப் படித்தபோதுதான். யாருடைய விதியையும் அவர்கள் அழிக்கவில்லை. இரண்டு அமைப்புகளின் வேலை சந்திக்கும் மூட்டில் விரிசல் இருக்கிறது என்று கை காட்டினார்கள். யூனிகோடுக்கு அது எழுத்து விவகாரம், ஐஇடிஎஃப்புக்கு அது அடையாள விவகாரம். மூட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

தமிழுக்கும் அப்படிப் பார்த்தவர்கள் உண்டு. உச்ச அடுக்குப் பெயர்களில் எந்த எழுத்து வரலாம், எதோடு எது குழம்பும் என்று வரையறுக்க ஐகான் ஒவ்வொரு எழுத்து முறைக்கும் குழு அமைத்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், தேவநாகரி உள்ளிட்ட ஒன்பது எழுத்து முறைகளுக்கு ஒரே குழு, நியோபிராமிக் குழு என்று பெயர். தமிழ் உகரத்தையும் மலையாள உகரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏன் ஒரே குழுவாக உட்கார வேண்டும் என்று புரியும். அவர்களின் வரைவுகள் பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டவை. ஐகானில் இந்தப் பொதுக் கருத்துக் காலம் வழக்கமாக 40 நாள். இணையத்தில் படிவம் இருக்கும், யாரும் எழுதலாம், எழுதியது அப்படியே வெளியாகும். கடைசியில் யார் என்ன சொன்னார், என்ன செய்தோம் என்று அறிக்கையும் போடுவார்கள்.

எழுதத் தொடங்கும்போது

முதலில் உரிய பணிக்குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் சேருங்கள். கட்டணம் இல்லை. ஒரு மாதம் எழுதாமல் படியுங்கள். யார் எதைக் கவனித்துக்கொள்கிறார்கள், எது ஏற்கெனவே பேசி முடிந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். பழைய கடிதங்கள் எல்லாம் அடுக்கில் இருக்கும், தேடிப் பாருங்கள். அங்கே எல்லோரும் தனி ஆளாகத்தான் பேசுகிறார்கள். பெரிய நிறுவனத்தில் இருப்பவரும் தன் பெயரில்தான் எழுதுகிறார், கடைக்காரனான நானும் என் பெயரில்தான் எழுதுகிறேன். சேரும்போது ஒரு அறிவிப்பு வரும், அதை முழுக்கப் படியுங்கள். நீங்கள் எழுதுவது எல்லாம் பொதுவில் நிற்கும், காப்புரிமை சம்பந்தமாக உங்களுக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பவை அதில் இருக்கும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். எந்த ஆவணம், எந்தப் பகுதி என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன. உலாவி, பதிப்பு, இயங்குதளம். தமிழ்ச் சொல்லைப் படமாகவும் எழுத்தாகவும் யூனிகோட் எண்களாகவும் மூன்று விதத்திலும் கொடுங்கள், ஏனென்றால் அவர் கணினியில் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். முடிந்தால் மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதுங்கள். ‘இதைச் சரிசெய்யுங்கள்’ என்பதைவிட ‘இந்த வரியை இப்படி மாற்றலாம்’ என்பது வேகமாக நகரும். என் முதல் கடிதம் மூன்று பக்கம். பதிலே வரவில்லை. இரண்டாவது பதினொரு வரி. மறுநாளே ஒருவர் பதில் எழுதி, எந்தப் படிவம், என்ன பிழைச்செய்தி என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது உண்மைதான். எளிய ஆங்கிலம் போதும். அங்கே எழுதுகிறவர்களில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் நிறையப் பேர், இலக்கணப் பிழைக்காக யாரும் யாரையும் மடக்கி நான் பார்க்கவில்லை.

கொஞ்சம் பழகிய பின் வரைவே எழுதலாம். இணைய வரைவு என்று அதற்குப் பெயர். யாரும் பதிவேற்றலாம், ஆறு மாதத்தில் காலாவதியாகும். புதுப்பித்தால் தொடரும், விட்டால் போய்விடும். வருஷத்துக்கு மூன்று முறை கூட்டம், பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு கண்டத்தில். நேரில் போகச் செலவு அதிகம், ஆனால் இணையம் வழியாகக் கலந்துகொள்ளலாம். அதற்கும் கட்டணம் முடியாதவர்கள் விலக்கு கேட்டுப் பெறலாம். நான் கடையைப் பூட்டிவிட்டு இரவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எது நடந்தாலும் இறுதி உறுதி மின்னஞ்சல் பட்டியலில்தான், அதனால் கூட்டத்துக்குப் போக முடியாதவர் எதையும் இழப்பதில்லை.

மறுத்துவிட்டால்

உங்கள் குறைக்குப் பதில் சொல்லாமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்று தோன்றினால் முறையீட்டு வழி உண்டு. 1996-இல் வந்த 2026-ஆம் ஆவணத்தில் இருக்கிறது. முதலில் பணிக்குழுத் தலைவரிடம், அங்கே தீராவிட்டால் துறை இயக்குநரிடம், பிறகு ஐஇஎஸ்ஜியிடம், கடைசியாக ஐஏபியிடம். முடிவு தெரிந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ஐஏபி முடிவைத் திருப்பி அனுப்பலாம், தானே புது வாசகம் எழுதித் திணிக்க முடியாது. கோபத்தில் நேராக மேலே போகாதீர்கள். கீழ்ப்படியில் பேசினீர்களா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

அலுவலகப் படிவங்களுக்கு இந்த வழி எதுவும் இல்லை, விடாமல் எழுதுவதுதான். அதற்காகக் கடையில் ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். தேதி, எந்தப் படிவம், இட்ட முகவரி, வந்த பிழைச்செய்தி, படம் எடுத்த கோப்பின் பெயர், யாருக்கு எழுதினேன், பதில் வந்த தேதி என்று கட்டம் போட்டது. மாதம் ஒருநாள் ஆச்சியின் முகவரியை வைத்துப் பத்துப் படிவங்களைச் சோதிப்போம். பேரனும் வந்து உட்காருவான். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்தில் தமிழ் என்ற சொல்லே இன்னொரு கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும் என்று சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை. பழைய சிடி ஒன்றைப் போட்டுக் காட்டினேன்.

உரிமப் படிவத்தில் அந்தச் சிவப்பு வரி நான்காவது கடிதத்துக்குப் பிறகு போய்விட்டது. கட்டம் இப்போது முகவரியை ஏற்கிறது. ஆனால் உறுதி செய்யும் மின்னஞ்சல் ஆச்சியின் பெட்டிக்கு வந்து சேரவில்லை. அவர்கள் அனுப்பும் சர்வரில் எஸ்எம்டிபியூடிஎஃப்8 இல்லை என்பது என் ஊகம். அதைக் காட்டும் பிழைப் பதிவைக் கேட்டு ஐந்தாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.